மைல்ல வராதீங்க

அந்தச் சேர்ல உக்காராதீங்க. அதுல போன் சார்ஜ் ஏறாது. இப்படி வாங்க, இங்க ரெண்டும் வேலை செய்யுது. நான் இந்த லவுஞ்சுக்கு இதோட நாலாவது தடவைங்க, எந்தச் சேர் எப்படின்னு எனக்குத் தெரியும். அந்த ஓரத்துல உப்புமாவாட்டம் ஒண்ணு வெச்சிருக்கான், அதை எடுத்துறாதீங்க, இனிக்கும்.

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. டொரண்டோதானுங்களே? பத்தே முக்கால் பிளைட்டு. எனக்கும் அதேதானுங்க. இன்னும் சீட்டு ஆகலை. ஆகும். மணி ஒம்பதுதானே ஆகுது.

எம் பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூருங்க, சிங்காநல்லூரு. போர்வெல் மோட்டார் பண்ற கம்பெனியில சர்வீஸ்ல இருந்தேன். இருபத்தாறு வருசம். எங்க மோட்டார் ஆப்பிரிக்கா பூராப் போகும். கென்யா, தான்சானியா, சூடான். அங்க காயில் புகைஞ்சா இங்க எம் பையைத் தூக்குவேன். வருசத்துக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. டிக்கெட் கம்பெனி போடும். மைல் எம் பேர்ல ஏறும்.

மைல்னா என்னன்னு தெரியுமில்லீங்க? நாம பறக்கப் பறக்க ஏர்லைன்காரன் நம்ம பேர்ல சேத்துவெக்கறது. போதுமான அளவு சேந்துட்டா டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், மைலைக் குடுத்துச் சீட்டு எடுத்துக்கலாம். ஆனா எல்லாச் சீட்டையும் மைலுக்குக் குடுக்க மாட்டான். ஒரு பிளைட்டுக்கு ஒண்ணு, ரெண்டு. எப்பத் திறப்பான்னு சொல்லவும் மாட்டான். பதினோரு மாசம் முன்னால கொஞ்சம் திறப்பான். விக்காததைக் கடைசி நேரத்துல திறப்பான். நாமதான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாத்துட்டே இருக்கோணும்.

எங்கூட வேலை செஞ்சவனுங்க எல்லாம் வீணாக்கிட்டானுங்க. ஒருத்தன் மைலைக் குடுத்து ரொட்டி வாட்டற மிஷின் வாங்குனான். இன்னொருத்தன் சூட்கேஸ். நான் ஒரு மைல் தொடலை. எங்க வீட்டுல கேப்பா, வசந்தாமணி, என்ர சம்சாரம். "ஏனுங்க, என்னையும் ஒருக்கா அந்தப் பிளைட்டுல கூட்டிட்டுப் போனா என்னங்க"ம்பா. இரு, சேரட்டும். சின்னச் சீட்டுல முழங்காலை மடக்கி உக்காத்தி வெச்சு உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். படுத்துட்டுப் போற சீட்டு இருக்குது, கதவு போட்ட சீட்டு. அதுல போலாம், ரெண்டு பேரும், பக்கத்துப் பக்கத்துலன்னு சொல்லுவேன். அவளுக்கு முழங்கால் வலிங்க. அவளுக்காகத்தான்.

ஒரு நிமிஷம் இருங்க. பாத்துக்கறேன்.

இல்லை. சைபர்தான் காட்டுது. பரவால்ல. பிளைட் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் இருக்கறப்பத்தான் அசைவே தெரியும்.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க, பிருந்தா. கட்டிக் குடுத்தது டொரண்டோவுல. மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காரு, நல்ல மாதிரி. போன வருசம் உண்டானா. டிசம்பர்ல ஆகும்னாங்க. நம்ம பக்கம் மொதப் பிரசவம் அம்மா வீட்டுலதானுங்களே. அவ இங்க வர முடியாதுன்னுட்டா, டாக்டர் விடலை. அப்ப அம்மாதான் அங்க போகோணும். விசா ரெண்டு பேருக்கும் எப்பவோ வாங்கி வெச்சாச்சு. சேலத்துல இருந்து எங்க கொழுந்தியா பிரசவ மருந்துக்குச் செலவுச் சாமான் இடிச்சுக் குடுத்துவிட்டா. பிரசவ லேகியம், சுக்கு, கருப்பட்டி எல்லாம் டப்பாவுல கட்டி ஹால்லயே வெச்சிருந்தா வசந்தா. டிக்கெட் ஒண்ணுதான் பாக்கி.

நான் நவம்பர் மூணாவது வாரத்துக்குப் பாத்துட்டு இருந்தேன். ரெண்டு சீட்டு, ஒரே பிளைட்டுல, படுக்கறது. ஒரு சீட்டு காட்டும், ரெண்டு காட்டாது. கொச்சியில இருந்து, பிளைட் மாறற இந்த ஏர்போர்ட் வரைக்கும் ரெண்டு காட்டும், இங்கிருந்து டொரண்டோ காட்டாது. அது ஒரு வேலைங்க. காலைல நாலரைக்கு எந்திரிச்சுப் பாப்பேன், மத்தியானம் பாப்பேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன சோலி?

செப்டம்பர் கடைசியில பிருந்தா கூப்பிட்டா. கை கால் வீங்குது, பிரஷர் ஏறுதுன்னா. "அம்மா இப்பவே வந்தாத் தேவலைங்கப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அவ ஒண்ணும் அழுகற புள்ளை இல்லீங்க. வசந்தா போனை வாங்கி ஓரமாப் போயிப் பேசிட்டு வந்தா. வந்து, "ஏனுங்க, காசு குடுத்தே வாங்கீரலாமுங்க"ன்னா.

காசு இல்லாம இல்லீங்க. அதை நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. பி.எப். வந்தது பேங்க்குல இருக்குது. ஆனா பாருங்க, இருபத்தாறு வருசம் சேத்து வெச்சது எதுக்கு? இதுக்குத்தானே? இந்த ஒரு காரியத்துக்குத்தானே? அது கையில இருக்கறப்பப் போயிக் காசு குடுத்து, முழங்காலை மடக்கி உக்காந்துட்டுப் போனா, அப்ப அந்த இருபத்தாறு வருசம் என்னத்துக்கு? நானும் கூட ஆளு இல்லாம அந்தப் பாலைவனத்துல, சூடான்ல எல்லாம், காச்சல்ல கெடந்து... சரி விடுங்க. பத்து நாளு பொறு, திறக்கும்னு சொன்னேன். சரிங்கன்னுட்டா. அவ எதையும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டா.

அக்டோபர் ரெண்டாந்தேதி. லீவு நாளு. வசந்தா கீழ உக்காந்து அவரைக்காய் நார் உரிச்சுட்டு இருந்தா. நான் சேர்ல, கையில போனு. அஞ்சாந்தேதிப் பிளைட்டுக்கு ஒரு சீட்டுத் திறந்துச்சு. கொச்சியில இருந்து டொரண்டோ வரைக்கும், பூராவும், படுக்கற சீட்டு. ஒண்ணு.

நான் சொல்லலை.

ஏன்னா, ஒண்ணுதானே இருக்கு? அவ தனியாப் பறந்ததே இல்லீங்க. தனியா என்ன, பிளைட்டுலயே ஏறுனதில்லை. இங்க இறங்கி, ரயில் மாதிரி ஒண்ணுல ஏறி, வேற வாசலுக்குப் போகோணும். இங்கிலீசு தெரியாது. சொன்னாக் கிளம்பீருவா, அது எனக்குத் தெரியும். அப்புறம் எனக்கு எப்பத் தெறக்கும்? அவ முன்னால, நான் பின்னாலன்னு, அது எப்படிங்க நல்லா இருக்கும்? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலன்னு சொன்னது என்னாகறது? நான் அப்படியே பாத்துட்டு இருந்தேன். பதினோரு நிமிஷம் இருந்துச்சு அந்தச் சீட்டு. அப்புறம் வேற யாரோ எடுத்துட்டாங்க.

பதினாலாந்தேதி கொழந்தை பொறந்துருச்சு. ரெண்டு மாசம் முன்னாடியே. பொம்பளைப் புள்ளை. ஒண்ணே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. மாப்பிள்ளை போன்ல காட்டுனாரு. ஒழாய் எல்லாம் போட்டிருந்துச்சு, மொகம் சரியாத் தெரியலை. வசந்தா போனைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சு, தள்ளி வெச்சுப் பாத்தா. "மூக்கு உங்க அம்மா மூக்குங்க"ன்னா. எனக்கு ஒண்ணும் தெரியலை.

இப்பச் சொல்லப் போறதுதானுங்க விசேஷம். பதினாறாந்தேதி திறந்துச்சு. ரெண்டு. ரெண்டு சீட்டு, இருபத்தி நாலாந்தேதிக்கு. பக்கத்துப் பக்கத்துல, நடுவுல இருக்கற தடுப்பை இறக்கிக்கலாம். எடுத்துட்டேன். உறுதி ஆயிருச்சுன்னு மெயில் வந்துருச்சு. நான் சமையல்கட்டுக்கே ஓடுனேன். "பாத்தியா, அன்னைக்கு ரெண்டாந்தேதி ஒண்ணுதான் திறந்துச்சு, நான் வாயே திறக்கலை. பொறுமையா இருந்ததுக்கு இப்ப ரெண்டா வந்திருக்கு பாரு"ன்னு சொன்னேன். அவ தாளிச்சுட்டு இருந்தா. அடுப்பை அணைச்சுட்டுப் போயி லேகிய டப்பாவுக்கு இன்னொரு சுத்து டேப் ஒட்டுனா.

கொழந்தை நாலு நாளு நல்லா இருந்துச்சுன்னாங்க. பால் ஒழாய் வழியா ஏறுதுன்னாங்க. அப்புறம் கிருமி ஏதோ.

இருபத்தி மூணாந்தேதி போயிருச்சுங்க. ஒம்பது நாளு.

இல்லீங்க, பரவால்ல. அதெல்லாம் ஒரு வருசம் ஆச்சு. நீங்க காப்பி குடிங்க, ஆறிடும்.

எனக்கு அழுகை வரலை. உள்ளதைச் சொல்றேன். பல்லுப் புடுங்கறப்ப ஊசி போட்டா தாடை இருக்கறதே தெரியாதில்லீங்க, அப்படித்தான் இருந்துச்சு. இன்னும் அப்படியேதான் இருக்குது. நான் போனை எடுத்து அடுத்த நாள் பிளைட்டு நேரத்துக்குக் கெளம்புதான்னு பாத்தேன். டாக்சிக்காரனுக்கு, பாலக்காடு வழியாப் போயிரலாம், காலைல நாலு மணிக்கு வந்துருன்னு சொன்னேன். பெட்டியெல்லாம் கட்டித்தானே இருக்குது.

வசந்தா வந்து எதுத்தாப்புல நின்னா. "ரெண்டாந்தேதி திறந்துச்சுன்னீங்களே ஒரு சீட்டு, அது எந்தத் தேதிக்குப் போறதுங்க?"ன்னு கேட்டா.

"அஞ்சாந்தேதிக்கு"ன்னேன்.

வெரல் விட்டு எண்ணுனாளுங்க. நான் பாத்தேன். அஞ்சு, ஆறுன்னு கட்டை வெரலை ஒவ்வொரு கணுவா வெச்சு, பதினாலு வரைக்கும், அப்புறம் இருபத்தி மூணு வரைக்கும். அப்புறம் உள்ள போயிட்டா.

அவ தம்பி ஈரோட்டுல இருக்கான். அவனுக்கு அவளே போன் பண்ணி, அவனை டிக்கெட் போடச் சொல்லி, அன்னைக்குச் சாயந்தரமே கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டா. ஏதோ ஒரு கம்பெனி, ரெண்டு எடத்துல மாறிப் போறது, கடைசி வரிசைச் சீட்டு. நான் சொன்னேன், "வசந்தா, நாளைக்குக் காலைல படுத்துட்டுப் போற சீட்டு இருக்குது"ன்னு. "நீங்க வராதீங்க"ன்னா. கோவமா எல்லாம் சொல்லலை, பால் கார்டு எங்க இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னா. லேகிய டப்பாவை எடுத்துட்டுப் போகலை. அது இன்னும் ஹால்லதான் இருக்குது. இங்கிலீசு தெரியாம, முப்பத்தி நாலு மணி நேரம், எப்படிப் போய்ச் சேந்தான்னு இன்னும் எனக்குத் தெரியாது. போய்ச் சேந்துட்டா.

நான் அந்த ரெண்டு சீட்டையும் கேன்சல் பண்ணுனேன். மைலை முழுசாத் திருப்பிப் போட்டுட்டாங்க. அந்த விஷயத்துல இந்தக் கம்பெனியை ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாதுங்க. ஒரு மைல் கொறையலை.

அப்போ போனவதான். ஒரு வருசமா அங்கேயே இருக்கா. பிருந்தாவைப் பாத்துக்கணும்கறா. வாரத்துக்கு ஒருக்கா பேசுவா. மாத்திரை சாப்பிட்டீங்களா, கரண்ட் பில் கட்டுனீங்களா, அவ்வளவுதான். கொழந்தைக்குப் பேரு வெச்சாங்களாமுங்க. அந்த ஊர்ல அடக்கம் பண்றதுக்குப் பேரு வேணுமாம். வசந்தாவுக்குத் தெரியும். எங்கிட்டச் சொல்லலை. நானும் கேக்கலை. கேட்டாச் சொல்லுவாளாயிருக்கும்.

போன மாசம் அவளே கூப்பிட்டா. "இருபத்தி மூணாந்தேதி பாப்பாவுக்கு வருசம். நாங்க மூணு பேரும் அந்த எடத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க. வந்தீங்கன்னா திரும்பறப்ப நான் உங்ககூட வந்தர்றேன்"னா. எனக்குக் கேக்க எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. சரின்னேன். அப்புறம் சொன்னா, "டிக்கெட்டுக் காசு குடுத்து வாங்கிட்டு வாங்க. மைல்ல வராதீங்க"ன்னு.

இது என்னங்க நியாயம்? அதே பிளைட்டு, அதே ஆகாசம். நான் எப்படி வந்தா என்ன, வந்து நிக்கறேனா இல்லையா? வந்து நிக்கறவனைப் பாத்து எதுல வந்தான்னு யாருக்குத் தெரியும்? நெத்தியிலயா எழுதியிருக்கும்? அவ பிடிவாதம் அப்படி. கல்யாணமான புதுசுல இருந்தே அப்படித்தான்.

அதான் முயற்சி பண்ணிட்டே இருக்கேன். கொச்சியில இருந்து இங்க வரைக்கும் மைல்ல ஈசியாக் கிடைச்சுரும். வந்து இந்தச் சேர்ல உக்காந்து, கடைசி நேரத்துல டொரண்டோவுக்குத் திறக்குதான்னு பாப்பேன். பதினஞ்சாந்தேதி வந்தேன், திறக்கலை, மறுநாள் திரும்பிப் போயிட்டேன். பதினெட்டு, அன்னைக்கும் அப்படித்தான். இருபது, அன்னைக்குத் திறந்த மாதிரி இருந்துச்சு, கையை வெக்கறதுக்குள்ள போயிருச்சு. இன்னைக்கு இருபத்தி ரெண்டு. இந்தப் பிளைட்டைப் புடிச்சா அந்த ஊர்ல இன்னைக்கே சாயந்தரம் போய் இறங்கலாம். நாளைக்குக் காலைல அவங்ககூடப் போகலாம். இதை விட்டா அடுத்தது நாளைக்கு. அது போய்ச் சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும்.

இருங்க. பாக்கறேன்.

சைபர்.

கவுண்டர்ல ஒரு பொண்ணு இருக்குது, பாத்தீங்களா, மலையாளிப் பொண்ணு. அதுக்கு என்னை இப்ப நல்லாத் தெரியும். காலைல வந்ததும் சொல்லுச்சு, "அங்கிள், எகானமியில பன்னெண்டு சீட்டு காலி, பணம் கட்டுங்க, பத்து மணி வரைக்கும் நானே போட்டுத் தர்றேன்"னு. கார்டு சட்டைப் பையிலதான் இருக்குது. நான் எடுக்கலை.

நீங்க கேக்கலை, ஆனா உங்க மொகம் கேக்குது. சொல்றேன். போன தடவை திரும்பிப் போறப்பத்தான் எனக்கே இது தோணுச்சு. இன்னைக்கு நான் கார்டைத் தேச்சு, ரெண்டு நிமிஷத்துல டிக்கெட் வாங்கிப் பிளைட்டுல போயி உக்காந்துட்டேன்னு வெச்சுக்கங்க. அவ்வளவு சுலபம்னு ஆயிருமில்லீங்க? அப்ப அன்னைக்கும் அவ்வளவு சுலபந்தான்னு ஆயிருமில்லீங்க? அது எப்படிங்க? அன்னைக்கு முடியாமத்தானே பொறுத்து இருந்தோம். வேற வழி இல்லாமத்தானே. மைல்ல போனாத்தான் அது சரியா இருக்கும். கொஞ்சம் தாமசமாத் திறந்துச்சு, அவ்வளவுதான்னு இருக்கும். உங்களுக்குப் புரியுதுங்களா? வசந்தாவுக்குப் புரியாது.

உங்க பிளைட்டைத்தான் கூப்பிடறாங்க. இருங்க, அவசரமில்லை, மொதல்ல கைக்கொழந்தைக்காரங்க போவாங்க. உங்க சீட்டு எது? நாப்பத்தி ஒண்ணா. பக்கத்துச் சீட்டு காலியாங்க? படத்துல காட்டுது பாருங்க, ஆமா. அது இருக்கும். அது காசுச் சீட்டு, அது வேற.

மணி பத்தாயிருச்சா. அந்தப் பொண்ணு இங்கேயே பாக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பலை.

காலைல இங்க இறங்குனதும் வசந்தா கூப்பிட்டா. "பாதி தூரம் வந்துட்டீங்களா?"ன்னா. வந்துட்டேன்னேன். "டிக்கெட் வாங்கிட்டீங்கதானுங்களே?"ன்னா. "ம்"னேன். என்ன சொல்றது? திறந்துரும்கற நம்பிக்கையிலதான் சொன்னேன். அப்புறம், "மாப்பிள்ளையை அனுப்பலை, நானே வர்றேன் ஏர்போர்ட்டுக்கு"ன்னா. "அங்க குளுரு, உள்ள ஒரு பனியன் சேத்துப் போட்டுக்கங்க"ன்னா. ஒரு வருசத்துல இவ்வளவு பேசுனதில்லை. குரலு பழைய மாதிரி இருந்துச்சு.

கிளம்பறீங்களா. சரிங்க. எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்குது, கதவு சாத்தற வரைக்கும் பாப்பேன். ஏனுங்க, ஒரே ஒரு ஒத்தாசை. திறக்கலைன்னா மட்டும். அங்க வெளிய வர்ற வழியில ஒரு பொம்பளை நிப்பா. குட்டையா இருப்பா, முன்னால மட்டும் நரை. சேலைக்கு மேல பிருந்தாவோட கோட்டைப் போட்டிருப்பா, அது அவளுக்குப் பெருசு. எட்டத்துல ஆளு தெரியாது அவளுக்கு. அதனால வர்ற ஒவ்வொருத்தரையும் கிட்ட வர்ற வரைக்கும் பாத்துட்டே நிப்பா. நீங்க நேராப் போயி, நாச்சிமுத்துவுக்குச் சீட்டுத் திறக்கலைன்னு... வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க. பிளைட்டுல எடம் இல்லைன்னு சொல்லீருங்க. பின்னால வரைக்கும் ஆளு, ஒரு சீட்டு கூடக் காலி இல்லைன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க அதுல வந்தவரு, நீங்க சொன்னா நம்புவா.